மணத்தைக் கேட்பவர்கள்

உயர்தரத்துக்கு ஜப்பானிய மொழியையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், "அதில் எத்தனையோ எழுத்துகள் இருக்கின்றனவாமே, எப்படிப் படிக்கிறாய்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எழுத்துகள் கடினம்தான். ஆனால் சில சொற்கள் தமிழ் பேசும் நமக்கு மிக இலகுவாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'கிகு' என்பது அப்படிப்பட்ட ஒரு வினைச்சொல். பாட்டைக் கேட்பதும் கிகு, கேள்வி கேட்பதும் கிகு. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வேண்டும். நமக்கோ 'கேள்' என்ற ஒன்றே போதும். அதனால் அந்தச் சொல்லை நான் மனனம் செய்யவே இல்லை.

அதே சொல்லுக்கு மூன்றாவது பயன்பாடு ஒன்று இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். நறுமணக் கட்டையைச் சூடாக்கி அதன் வாசனையை அனுபவிக்கும் கலை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. 'கோடோ' என்று அதற்குப் பெயர். 'மணத்தின் வழி' என்று பொருள். அந்தக் கலையில் ஈடுபடுவோர் மணத்தை முகர்வதாகச் சொல்வதில்லை. மணத்தைக் கேட்பதாகவே சொல்கிறார்கள். மூக்கால் எப்படிக் கேட்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஜப்பானில் நறுமணத்தின் கதை கடற்கரை ஒன்றில் ஆரம்பிக்கிறது. 720 ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூலின்படி, கி.பி. 595 ஆம் ஆண்டில் அவாஜித் தீவின் கரையில் பெரிய மரக்கட்டை ஒன்று ஒதுங்கியது. அது என்னவென்று அறியாத தீவுவாசிகள் விறகோடு விறகாக அதை அடுப்பில் வைத்தார்கள். புகை வெகுதூரம் மணத்தது. அதிசயித்த அவர்கள் கட்டையை எடுத்து அரசவைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அது அகில் கட்டை. அதன் நினைவாக ஒரு கோயில் இன்றும் அந்தத் தீவில் இருக்கிறது.

அகில் மரம் ஜப்பானில் வளர்வதில்லை. தென்கிழக்காசியாவினதும் தெற்காசியாவினதும் மழைக்காடுகளே அதன் இருப்பிடம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல நிலையில் உள்ள அகில் மரத்துக்கு மணமே கிடையாது. அதன் உட்புறம் வெளிர் நிறமான, இலேசான, சாதாரண மரம். பூச்சி துளைத்தோ, கிளை முறிந்தோ மரத்தில் காயம் உண்டாகி, அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சைத் தொற்று ஏற்படும்போது, தன்னைக் காத்துக்கொள்வதற்காக மரம் ஒருவகைப் பிசினைச் சுரக்கிறது. அது பல வருடங்களாகக் கட்டைக்குள் ஊறி, கறுத்து, பாரமாகிறது. நல்ல அகில் நீரில் மிதக்காது, தாழ்ந்துவிடும். அதனாலேயே ஜப்பானியர் அதை 'ஜின்கோ', அதாவது 'மூழ்கும் மணம்' என்று அழைக்கிறார்கள். அரபியில் ஊத் என்று சொல்லி நாம் விரும்பிப் பூசும் அத்தரும் இந்தப் பிசினிலிருந்து வருவதுதான். ஒரு மரம் தன் காயத்துக்குப் போட்ட மருந்தையே மனிதர்கள் நறுமணம் என்று கொண்டாடுகிறார்கள்.

இத்தகைய ஒரு கட்டையை ஜப்பானியர் எவ்வளவு கவனமாகப் பேணியிருக்கிறார்கள் என்பதற்கு 'ரன்ஜாதாய்' ஒரு சான்று. நாரா நகரிலுள்ள ஷோசோயின் களஞ்சியத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. நீளம் 156 சென்ரிமீற்றர், நிறை 11.6 கிலோகிராம். பல நூற்றாண்டுகளாக அதிலிருந்து சிறு சிறு துண்டுகளே வெட்டப்பட்டிருக்கின்றன. நாட்டையே நடுங்கவைத்த படைத்தலைவர் ஒடா நொபுனாகா 1574 இல் வெட்டியெடுத்த இடத்திலும், மெய்ஜி பேரரசர் 1877 இல் வெட்டியெடுத்த இடத்திலும் சிறு காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. நூலகப் புத்தகத்தில் யார் எப்போது இரவல் எடுத்தார் என்று குறித்துவைப்பது போல, இந்தக் கட்டையிலும் எடுத்தவர் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு அதிகாரம் உள்ளவராயினும் எடுத்தது தெரிய வேண்டும் என்ற அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

இனி 'கேட்டல்' எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பதினைந்தாம் நூற்றாண்டில் கோடோ ஓர் ஒழுங்கான கலையாக உருவாகியது. கையளவான மண்கிண்ணம் ஒன்றில் மெல்லிய சாம்பலை நிரப்பி, அதற்குள் எரியும் கரித்துண்டு ஒன்றைப் புதைப்பார்கள். சாம்பலைச் சிறு மலை போல் கூராக்கி, வெப்பம் மேலே வருவதற்கு உச்சியில் ஒரு துளை இடுவார்கள். துளையின் மேல் மைக்கா தகடு ஒன்றை வைத்து, அந்தத் தகட்டின் மேல் அகில் துணுக்கை வைப்பார்கள். கட்டை எரிவதில்லை, புகையும் எழுவதில்லை. இளஞ்சூட்டில் பிசின் மெதுவாக மணக்கிறது. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் மூடி, விரல்களின் இடைவெளியில் மூன்று தடவை மூச்சை உள்ளே இழுத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அந்த அறைக்குள் செல்பவர் வேறு வாசனை எதையும் பூசியிருக்கக் கூடாது.

அந்தத் துணுக்கு எவ்வளவு பெரியது தெரியுமா? 'குதிரை வால் மயிர், நுளம்புக் கால்' என்று அதன் அளவை ஒரு மரபுத் தொடரால் குறிப்பிடுகிறார்கள். நுளம்புக் காலளவு கட்டையை ஓர் அறை நிறைய மனிதர்கள் ஆளுக்கு ஆள் கைமாற்றி, பேசாமல், கவனம் சிதறாமல் அனுபவிக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு 'கேட்டல்' என்ற சொல்லின் பொருத்தம் விளங்கியது. உரத்த சத்தம் நாம் விரும்பாவிட்டாலும் காதில் விழும். மெல்லிய குரலைக் கேட்பதற்கு நாம்தான் அமைதியாக வேண்டும்.

கட்டைகளை வகைப்படுத்தவும் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. 'ஆறு நாடுகள், ஐந்து சுவைகள்' என்று அதைச் சொல்வார்கள். இனிப்பு, புளிப்பு, உறைப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நாவின் சுவைகளால் மணத்தை அடையாளம் காண்கிறார்கள். ஆறு வகைகளில் ஒன்றின் பெயர் சுமோதாரா. அது சுமாத்திராவைக் குறிக்கும். மனாபன் என்ற இன்னொன்று மலபார்க் கரையைக் குறிப்பது என்று கூறுவோர் உண்டு. அமைதியான அந்த ஜப்பானிய அறைக்குள் இந்து சமுத்திரத்தின் துறைமுகங்களெல்லாம் பெயரளவில் வந்து அமர்ந்திருக்கின்றன.

கணிதம் படிக்கும் தோழிகளுக்காக ஒரு விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கென்ஜிகோ. ஐந்து வகைக் கட்டைகளில், ஒவ்வொன்றிலும் ஐந்து பொட்டலங்களாக 25 பொட்டலங்கள் இருக்கும். அவற்றைக் கலந்து ஐந்தை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகச் சூடாக்குவார்கள். ஐந்தில் எவையெவை ஒரே மணம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நிலைக்குத்துக் கோடுகளை வரைந்து, ஒரே மணமானவற்றின் தலைகளை ஒரு கிடைக்கோட்டால் இணைப்பதே விடையெழுதும் முறை. ஐந்தும் ஒன்றாக இருக்கலாம், ஐந்தும் வேறாக இருக்கலாம், இரண்டும் மூன்றுமாகப் பிரியலாம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 52 வடிவங்கள் வரும். முரசாகி ஷிகிபு என்ற பெண் ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதிய 'கென்ஜி மோனோகத்தாரி' நாவலில் 54 அத்தியாயங்கள் உள்ளன. முதலாவதையும் கடைசியையும் விட்டுவிட்டு, மீதி 52 அத்தியாயங்களின் பெயர்களை இந்த வடிவங்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். கணிதமும் இலக்கியமும் ஒரே கிண்ணத்தில் மணக்கும் இடம் இது.

இப்படியான கட்டைகள் எல்லோருக்கும் எட்டுபவை அல்ல. சாதாரண வீடுகளுக்கு மணம் சென்றது ஊதுபத்தியின் வழியாகத்தான். கட்டை கரையொதுங்கிய அதே அவாஜித் தீவில், எய் என்ற கரையோர ஊரில் 1850 இல் ஊதுபத்தித் தொழில் தொடங்கியது. இன்று ஜப்பானில் உற்பத்தியாகும் ஊதுபத்தியில் பெரும்பகுதி அந்தத் தீவிலிருந்தே வருகிறது. அங்கு வீசும் மேல்காற்று பத்திகளை உலர்த்துவதற்கு ஏற்றது. அவற்றில் மூங்கில் குச்சி கிடையாது. தாபு என்ற மரத்தின் பட்டைத் தூளை நீரில் பிசைந்தால் பசை போலாகும். அதில் வாசனைப் பொருட்களைச் சேர்த்து நூடில்ஸ் போலப் பிழிந்து உலர்த்துகிறார்கள். அந்த வாசனைப் பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் நமது சமையலறை நினைவுக்கு வரும். சந்தனம், கராம்பு, கறுவா வகைகள், அன்னாசிப்பூ. சென் மடங்களில் தியான வேளையை அளக்கவும் ஊதுபத்தியையே வைத்தார்கள். ஒரு பத்தி எரிந்து முடிய ஏறக்குறைய 40 நிமிடம். நம் பாடவேளையும் 40 நிமிடம்தான் என்பதைத் தோழிகளுக்கு நினைவூட்டுகிறேன்.

வாகன வியாபாரத்துக்காகச் சில வருடங்கள் ஜப்பானில் இருந்த என் சாச்சா, சென்ற நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது அப்படியொரு பெட்டி கொண்டுவந்தார். எங்கள் உம்மும்மா வெள்ளி இரவுகளில் தணலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கப் புகை காட்டுபவர். பத்தியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் குச்சியே இல்லியே புள்ள. ஒடஞ்சி போகாதா?"

கொளுத்தி வைத்தோம். சற்று நேரம் பொறுத்து, "மணமும் காணல்லியே" என்றார். யாரும் பேசவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன். உம்மும்மா தஸ்பீஹை உருட்டியபடியே இருந்தார். பாதி எரிந்திருக்கும்போது தலையை நிமிர்த்தி, "இப்பதான் வருது. மழைக்குப் பொறகு காட்டுப் பக்கம் போன மாதிரி" என்றார். கோடோ பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அமைதியாக இருந்தார், அது வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஊதுபத்தி பௌத்த வழிபாட்டோடும், மரங்கள் ஷின்தோ நம்பிக்கையோடும் பின்னிப் பிணைந்தவை. அந்த வழிபாடு அவர்களுடையது. நமது ஈமான் நமக்குத் தெளிவானது. ஆனால் படைப்புகளைக் கூர்ந்து நோக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நறுமணம் நமக்கு அந்நியமானதும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பியவர்கள். ஜும்ஆவுக்குக் குளித்து மணம் பூசிச் செல்வது சுன்னத். சுவர்க்கத்தை வர்ணிக்கும் இறைவசனங்களில் கஸ்தூரியும் கற்பூரமும் வருகின்றன. நல்ல தோழமையைக் கஸ்தூரி வைத்திருப்பவருக்கு ஒப்பிடும் ஹதீஸை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். ஆகவே ஜப்பானியரிடம் நான் கற்க விரும்பியது வழிபாட்டை அல்ல, கவனத்தையும் அளவையும்தான்.

அளவு என்று ஏன் சொல்கிறேன்? இயற்கையோடு ஒத்து வாழ்தல் என்ற சொற்றொடரை விளம்பரங்களில் அடிக்கடி காண்கிறோம். அது உண்மையா என்பதை எடுக்கும் அளவைக் கொண்டும், திருப்பிக் கொடுக்கும் அளவைக் கொண்டுமே அறிய முடியும். இசே என்ற இடத்திலுள்ள புகழ்பெற்ற ஷின்தோ ஆலயத்தை 20 வருடங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013 இல். அதற்குப் பயன்படுவது ஹினோகி என்ற வாசனை மரம். ஒவ்வொரு தடவையும் ஏராளமான மரங்கள் தேவைப்பட்டதால் அருகிலிருந்த காடுகள் ஒரு காலத்தில் தீர்ந்துபோயின. எனவே 1923 இல் 200 வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கி மீண்டும் ஹினோகியை நட்டு வளர்க்கிறார்கள். 2013 இல் தேவைப்பட்ட மரங்களில் ஒரு பகுதி அந்தக் காட்டிலிருந்தே கிடைத்தது. அன்று கன்று நட்டவர்களில் யாருமே அதைக் காணும்வரை வாழ்ந்திருக்க முடியாது. மரம் நடுவதை ஸதகாவாகக் கற்ற நமக்கு இந்தச் செய்தி புரியாமல் போகாது.

ஆனால் அகில் ஜப்பானில் வளர்வதில்லை என்று முன்பே சொன்னேன். அவர்கள் நுளம்புக் காலளவு எடுத்தாலும் அது வேறொருவர் காட்டிலிருந்தே வருகிறது. ஜப்பான், அரபு நாடுகள், சீனா என எல்லோரும் விரும்பும் பொருளாகையால் அந்தக் காடுகள் வேகமாக வெறுமையாகின. 2004 இல் அகில் தரும் அக்குவிலேரியா, கைரினொப்ஸ் ஆகிய இரு மரப் பேரினங்களும் முழுமையாகச் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

இரண்டாவது பெயரை வாசித்தபோதுதான் இது நம் கதையும் என்று புரிந்தது. கைரினொப்ஸ் வல்லா என்பது நமது ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை மரம். முன்பு ஊரவர்கள் அதன் பட்டையைக் கயிறாகப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்குள்ளும் அகில் பிசின் உருவாகும் என்பது 2012 ஆம் ஆண்டளவில் வெளியே தெரியவந்தது. அதன் பின் வல்லப்பட்டையுடன் விமான நிலையத்தில் ஆட்கள் கைதான செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வரத் தொடங்கியது. அனுமதியின்றி அந்த மரத்தை வெட்டுவதும் ஏற்றுமதி செய்வதும் சட்டவிரோதம்.

வாப்பாவின் ஊரில், இறப்பர்த் தோட்டத்துக்குப் பின்னாலுள்ள ஓடைக்கரையில் வல்லப்பட்டை மரங்கள் மூன்று நின்றன. சென்ற விடுமுறைக்குப் போனபோது மூன்றும் கிடந்தன. யாரோ இரவில் வெட்டியிருக்கிறார்கள். மரத்துக்குள் பிசின் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து எளிதில் அறிய முடியாது. வெட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். பிளந்து கிடந்த மரம் முழுக்க வெள்ளை. கறுப்புப் பிசின் ஒரு கீற்றும் இல்லை. காயம்படாத மூன்று மரங்கள் ஒன்றுக்கும் உதவாதவையாக அங்கேயே விடப்பட்டிருந்தன. குனிந்து முகர்ந்து பார்த்தேன். வெட்டிய மரத்தின் பச்சை வாடையைத் தவிர எதுவும் இல்லை.

'கிகு' என்ற சொல்லின் மற்றப் பொருள் அப்போது நினைவுக்கு வந்தது. கேட்டல் என்றால் காது கொடுப்பது மட்டுமல்ல, எடுப்பதற்கு முன் கேட்பதும்தான். "கேட்காமல் எதையும் எடுக்காதே" என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். மரத்திடம் எப்படிக் கேட்பது? அதன் வயதை, காயத்தை, அது வளர எடுக்கும் காலத்தை அறிவதே மரத்திடம் கேட்பது. இன்று தோட்டங்களில் அகில் மரங்களை நட்டு, துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்திப் பிசினை உண்டாக்கும் முறை இலங்கையிலும் இருக்கிறது. அதுவும் காயப்படுத்துவதுதான். ஆயினும் நட்டவர் அறுவடை செய்கிறார், காடு தப்பிக்கிறது. நாம் அத்தர் வாங்கும்போது, இது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். நிறையப் பேர் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு வரும்.

இறுதியாக ஒரு யோசனை. 2001 இல் ஜப்பானின் சுற்றாடல் அமைச்சு, பேணிக்காக்க வேண்டிய 100 'மணக் காட்சிகளை' நாடெங்கும் தெரிவு செய்து அறிவித்தது. கடல்மூட்டமும் லவண்டர் வயலும் அதில் உண்டு. அவாஜியின் ஊதுபத்தித் தொழிலும் உண்டு. தோக்கியோவின் பழைய புத்தகக் கடைத் தெருவும் உண்டு. ஒரு மணத்தைக் காக்க வேண்டுமானால் அதை உண்டாக்கும் காற்று, நீர், மரம், தொழில் எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பதே அந்தப் பட்டியலின் நோக்கம்.

நமக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டாமா? கறுவா உரிக்கும் கொட்டில், தேயிலைத் தொழிற்சாலையைக் கடக்கும் பஸ்ஸின் ஜன்னல், கருவாடு காயும் கரை, நோன்பு காலத்து அஸருக்குப் பின் பள்ளிவாசல் பக்கமிருந்து வரும் கஞ்சி மணம், நம் கல்லூரி நூலகத்தின் கடைசி அலுமாரி. இவை என் ஐந்து. ஒவ்வொரு மாணவியும் தன் ஊரின் ஒரு மணத்தை நான்கு வரியில் எழுதி, அது நிலைத்திருக்க எது நிலைத்திருக்க வேண்டும் என்பதையும் ஐந்தாவது வரியில் எழுதினால், அடுத்த இதழில் நமது 100 நிறைந்துவிடும். வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் கேளுங்கள். நமக்குக் கிடைக்காமலே போன மணங்கள் சில அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.